அறிந்தவர் கேட்க வேண்டும்

பங்கு இளைஞன் ஒருவன் என்னிடம் தந்து சென்ற ஆங்கிலப் படக்கதை நூல்களைச் சில இரவுகளில் வாசித்து முடித்தேன். 1963-ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய 'எக்ஸ்-மென்' கதைகள் அவை. ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைந்தார். அவற்றின் நடுநாயகம் பேராசிரியர் சார்லஸ் சேவியர். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர். ஆயினும் பிறர் உள்ளத்து எண்ணங்களை அறிபவர். அரிய ஆற்றலுடன் பிறந்ததால் உலகம் அஞ்சும் இளையோர் ஐவரைத் தம் பள்ளியில் சேர்த்து, அவ்வாற்றலைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்தக் கற்பிக்கிறார்.

என்னைச் சிந்திக்க வைத்தது அவரது ஆற்றலன்று, அவரது தவறுகளே. 1968-இல் வந்த கதையில் ஆசான் இறந்தார் என்று மாணவர் கலங்குகின்றனர். 1970-இல் உண்மை வெளிப்படுகிறது: இறந்தவர் அவர் உருவில் இருந்த வேறொருவர். வரவிருந்த படையெடுப்பை எதிர்கொள்ள ஆசான் மறைவில் ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். ஜீன் கிரே என்னும் மாணவிக்கு மட்டுமே அது தெரியும். 1993-இல் வெளியான கதையிலோ, பழைய நண்பனும் பகைவனுமான மேக்னெட்டோவின் மனத்தையே அவர் துடைத்துவிடுகிறார். அச்செயலில் முளைத்த இருள், 1996-இல் 'ஆன்ஸ்லாட்' என்னும் கொடிய உருவாய் அவரிடமிருந்தே வெளிப்படுகிறது. நன்மைக்காகவே செய்தார், ஆனால் எவரையும் கேட்டுச் செய்யவில்லை.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் இளைஞன் ஒருவன் என் அறைவாசலில் தயங்கி நின்றான். அவனைப் பற்றி ஊரார் சொன்னவை என் செவியில் இருந்தன. "எல்லாம் தெரியும் தம்பி" என்று தொடங்கி, அரைமணி நேரம் அறிவுரை கூறினேன். அவன் தலைகுனிந்து கேட்டுவிட்டுச் சென்றான். பிறகு அவன் தாய் என்னிடம், "அவன் சொல்ல வந்தது வேற, சாமி" என்றார். அது என்னவென்று இன்றுவரை நான் அறியேன். அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

பிறர் மனத்தைப் படிக்கும் வரம் எனக்கில்லை. ஆனால் படித்துவிட்டதாக எண்ணும் செருக்கு இருந்தது. உள்ளங்களையெல்லாம் அறிந்த ஆண்டவரே, பார்வையற்ற பர்த்திமேயுவிடம் அவன் விரும்புவது யாதெனக் கேட்டார்; அவன் வாய்திறந்து சொல்லும்வரை காத்திருந்தார்.

இப்போதெல்லாம் வாசலில் எவரேனும் தயங்கி நின்றால், முதலில் நாற்காலியை நகர்த்திப் போடுகிறேன். பிறகு வாய்மூடி அமர்கிறேன்.