17 வளைவுக்கு ஒரு ரேடியேட்டர்

பழைய ஜீப்பில் ரேடியேட்டரைக் கழற்றுவது பெரிய வேலையே இல்லை. அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்து, மேலும் கீழுமாக இரண்டு ஹோஸ் கிளாம்புகளைத் தளர்த்தி, நிமிர்த்திப் பிடித்திருக்கும் கம்பியை விடுவித்து, நட்டுகளை எடுத்துவிட்டால் ஒரே ஆள் தூக்கி வெளியே வைத்துவிடலாம். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் வீட்டிலும் ஒர்க் ஷாப்பிலும் வாக்குவாதம்.

என் வண்டி மகிந்திராவின் சி.ஜே.3பி. அமெரிக்காவில் 1953ல் வந்த மாடல். எஞ்சின் உயரமானது என்பதால் பானெட்டையும் உயர்த்தினார்கள். அழகு கெட்டுவிட்டது என்று ஜீப் பிரியர்கள் இன்றும் குறைப்படுவார்கள். எனக்கு அந்த உயரம்தான் பிடிக்கும், கை தாராளமாக உள்ளே போகிறது. அங்கே 1968ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல காலம் வந்துகொண்டிருந்தது. போடி, தேவாரம், கம்பம் பக்கம் விடியற்காலையில் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் பழைய ஜீப்புகளும் இந்த வம்சந்தான்.

வம்சத்தின் பாட்டன் போர்க்கால ஜீப். 1940ல் பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பான்டம் கம்பெனி 49 நாளில் முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. ராணுவம் அந்த வேலையை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் பிரித்துக் கொடுக்க, போர் முடிவதற்குள் அவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். ரேடியேட்டரின் முன்னால் நிற்கும் அந்தப் பிரபலமான கிரில் ஃபோர்டின் யோசனை. வில்லிஸ் முதலில் பட்டை இரும்பை வரிசையாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. ஃபோர்டு ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது பிளவு வைத்தது. எடையும் குறைவு, செலவும் குறைவு. ஆனால் நான் வியப்பது ஹெட்லைட்டைப் பார்த்து. அந்த ஜீப்பில் விளக்கைப் பின்பக்கமாகத் திருப்பி எஞ்சின்மேல் வெளிச்சம் அடிக்க வைக்கலாம். நடுவழியில், நள்ளிரவில், மீசை முளைக்காத ஒரு சிப்பாய் இதைக் கழற்றப்போகிறான் என்று வரைபடம் போடும்போதே யாரோ நினைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அந்த வசதி இல்லை, டார்ச்சை வாயில் கவ்விக்கொள்ள வேண்டியதுதான்.

என் வண்டி ஏறும் மலைப்பாதையில், அடிவாரத்து முந்தலில் தொடங்கி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறத்தாழ 1,400 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரி வரை காத்திராது, 95ஐ ஒட்டியே கொதித்துவிடும். எஞ்சின் அதிகம் உழைக்கிற இடத்தில், இரண்டாவது கியரில், காற்றும் சரியாக அடிக்காத வேகத்தில், தண்ணீரும் கைவிடப் பார்க்கிறது. இதற்குத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்து உள்ளே அழுத்தம் கட்டுகிறார்கள். ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். போர்க்கால ஜீப்பின் மூடி வெறும் நான்கு பவுண்டு. அதிலேயே ஆறேழு டிகிரி கிடைத்தது. மலை பிடுங்கிக்கொண்டதை மூடி திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று சொல்லலாம். பலமாக இருக்கட்டும் என்று இன்றைய காரின் பதினைந்து பவுண்டு மூடியை வாங்கி இதில் மாட்டினால் ஈயம் பிடித்த தையல்கள் விட்டுவிடும்.

என் வண்டியின் கோளாறு மூடியில் இல்லை. அடிவாரத்துப் போர்வெல் தண்ணீரையே காலங்காலமாக ஊற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்தபோது, 'கோர்' என்கிற நடுப்பகுதியின் குழாய்களின் வாய் தெரிந்தது. பாதிக்குமேல் உப்பும் துருவும் சேர்ந்து அடைத்திருந்தன, பல நாள் கழுவாத வெந்நீர் அண்டாவின் அடி மாதிரி. மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார் கடைக்காரர். சில திறந்தன, சிலவற்றில் கம்பி பக்கவாட்டில் வெளியே வந்தது.

"கோரை மட்டும் மாத்துங்க தம்பி. தொட்டி ரெண்டும் கெட்டிப் பித்தளை, உங்க பேரன் காலத்துக்கும் வரும்."

"இதுக்கு அலுமினியத்துல புதுசாவே கிடைக்குதாமேண்ணே?"

"கிடைக்கும். மலையில உடைஞ்சா எவன் பத்த வைப்பான்?"

அலுமினியத்தை நான் குறை சொல்லவில்லை. தாமிரம் வெப்பத்தை அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். ஆனாலும் அகலக் குழாய்களோடு வரும் அலுமினிய ரேடியேட்டர் எடை குறைவாக இருந்து வேலையைக் கச்சிதமாகவே செய்கிறது. ஆனால் அதற்குக் கூலன்ட் ஒழுங்காக வேண்டும். வார்ப்பிரும்பு எஞ்சினோடு அலுமினியத்தைச் சேர்த்துவிட்டுக் கண்ட தண்ணீரையும் ஊற்றினால் பொத்தல் விழும். வழியில் ஓடைத் தண்ணீரைக் கேனில் பிடித்து ஊற்றும் பழக்கம் என்னைவிட்டுப் போகாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபோர்டு ஜீப்பின் போல்ட் தலையில்கூட எஃப் எழுத்து இருக்கிறதா என்று தேடுவார்கள். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. இருந்தும் கோரை மட்டும் மாற்றச் சொன்னேன். எந்த ஊரிலும் ஈயமும் நெருப்பும் தெரிந்த ஒரு மனிதர் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் இந்த வண்டியையே வைத்திருக்கிறேன்.

சூட்டுக்கோலின் தாமிர முனையை நவச்சாரத்தில் தேய்க்கும்போது வருகிற அந்த வெள்ளைப் புகையை நெருங்கி நின்று ரசிக்கக் கூடாது; நான் நின்றேன், இருமினேன். பித்தளையை மினுமினுப்பாகச் சுரண்டி, ஆசிட் தடவி, முதலில் மெல்லிய ஈயப் பூச்சு. அதன் மேல்தான் தொட்டியை உட்காரவைத்து ஓரம் முழுக்க ஈயம் ஓட்டினார். பிறகு வாய்களை அடைத்து, காற்றுப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு மூலையில் குமிழி வந்தது. திட்டிக்கொண்டே மறுபடி சூடு காட்டினார்.

மாட்டும்போது பலரும் விடும் தவறு ஒன்று உண்டு. ஜீப்பின் சேஸிஸ் ஏணி போன்றது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் முறுக்கிக்கொள்ளும். ரேடியேட்டர் அதோடு சேர்ந்து முறுக்கினால் தையல் விடும். அதனால்தான் அடியில் ரப்பர். அந்த ரப்பர் நசுங்கும் அளவுக்கு நட்டை இறுக்கினால் புதுக் கோரும் சீக்கிரமே ஒழுகும். கை பலத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

கடைசியில் தெர்மோஸ்டாட். நம்மூர் மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிவதைத் தர்மமாகவே வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் மெட்டின் குளிரில் எஞ்சின் பாதிச் சூட்டிலேயே ஓடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். பழைய கோரை எடைக்குப் போட்டு, அந்தக் காசைக் கூலியில் கழித்துக்கொண்டே சொன்னார்:

"போடுறதுன்னா போடுங்க தம்பி. பதினோராவது வளைவுல கொதிச்சா எனக்குப் போன் பண்ணாதீங்க."

போட்டேன். இதுவரை போன் பண்ண வேண்டி வரவில்லை. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.