மாறியவர் யார்?

2006இல் ‘கசினோ ராயல்’ வருவதற்கு முன்பே ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். டேனியல் கிரெய்க்கின் தலைமுடி பொன்னிறம். பாண்டுக்குக் கருமுடிதான் அழகு என்றார்கள். படம் வந்ததும் அவர்களில் பலர் மனம் மாறினார்கள். கானரியையும் பிராஸ்னனையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த முகத்தை அளந்தவர்களில் நானும் ஒருத்தி.

அண்மையில் அதே படத்தை மாணவிகளோடு பார்த்தேன். ஈவா கிரீன் நடித்த வெஸ்பர் நீரில் மூழ்கிச் சாகிறாள். அவள் இழப்பில்தான் அவன் நாம் அறிந்த பாண்டாக இறுகிப்போகிறான். படம் முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “ஹீரோ மாறினதுக்கு இவ்வளவு சண்டை. ஹீரோயின் படத்துக்குப் படம் மாறுறாங்களே, அதுக்கு யாராச்சும் கோபப்பட்டாங்களா மேம்?”

இந்த வரிசையில் அது 21ஆவது படம். கிரெய்க் ஆறாவது பாண்ட். நாயகிகளை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பிறகுதான் ஜூடி டென்ச் நினைவுக்கு வந்தார். 1995 முதல் 2012 வரை பாண்டின் மேலதிகாரி ‘எம்’ ஆக இருந்தவர் அவர்தான். பிராஸ்னன் போய் கிரெய்க் வந்தபோதும் அவர் மாறவில்லை. அந்த வரிசையில் நிலைக்க ஒரு பெண்ணுக்குக் காதலியின் இடம் போதாது. மேலதிகாரியின் நாற்காலி வேண்டியிருந்தது.