அடியில் இருந்த முகம்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு அடித்த மழையைப் பினாங்குக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் விடிந்தபோது ஜாலான் பி. ரம்லி பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றது. மூன்று நாள் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, ஆயாவோட ஆல்பம் மொத்தமும் ஊறி ஒட்டிப்போச்சு. ஒரு படத்தையும் பிரிக்க முடியல. நீங்கதான் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கீங்களே, அது இருக்குல்ல?"

"இருக்கு தம்பி, கவலைப்படாதே" என்றேன். உண்மையிலேயே இருக்கிறது என்றுதான் நினைத்தேன். போனை வைத்துவிட்டுக் கணினியில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். 31 படங்கள். எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாகவில்லை. ஒரு கோட்டுப் போட்ட இளைஞனின் கழுத்துக்கும் மீசைக்கும் குறுக்கே என் கடையின் பெயர் வெள்ளை எழுத்தில் நின்றது. அடுத்த படத்திலும் அப்படியே. முப்பத்தொன்றிலும் அப்படியே.

பழைய படங்களைச் செப்பம் செய்துகொடுப்பது என் தொழில். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஓர் அறை, ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். பூஞ்சை பிடித்தது, கிழிந்தது, கறையான் அரித்தது எல்லாம் வரும். ஆனாலும் என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் கேட்பது ஜோடிப் படம். தாத்தா இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் காசு பார்த்ததும் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பார். பாட்டி ஊரில் கப்பலேறுவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம் எடுத்திருப்பார். இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாற்பது வருஷத்தில் சேர்ந்து நின்ற நல்ல படம் ஒன்று இருக்காது. இரண்டையும் வெட்டி ஒட்டிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் இதைக் கத்தரிக்கோலும் பசையும் தூரிகையும் கொண்டு செய்தார்கள். நான் கணினியில் செய்கிறேன்.

அந்த ஆயாவும் அதற்காகத்தான் செப்டம்பரில் பேரனோடு வந்தார். அவர் கணவர் துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு ஸ்டூடியோவில் 1954இல் எடுத்த படம். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது என்று ஆயா சொன்னார். தோள் சற்றுப் பெரிது, கை சற்றுக் குட்டை. ஆயா மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு வருஷம் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி வந்தவர். அவருடைய பாஸ்போர்ட் படம் பாஸ்போர்ட்டிலேயே ஒட்டியிருந்தது. டிசம்பரில் தாத்தாவின் திதி. அதற்குள் ஜோடிப் படம் வேண்டும், சுவரில் தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாக வேண்டும். ஆல்பத்தில் இருந்த மற்றப் படங்களையும் ஸ்கேன் செய்து வைக்கச் சொன்னார்கள். 600 டிபிஐ அளவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆல்பத்தையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்தேன். தீபாவளி முடியட்டும், பிறகு செய்கிறேன் என்றேன்.

நான் பயன்படுத்துவது இமேஜ்மேஜிக். இதில் படத்தைச் சுட்டியால் இழுத்து வேலை செய்வதில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி 1987இல் எழுதத் தொடங்கி, 1990இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட மென்பொருள். ஒரு படத்துக்குச் செய்வதை ஒரே வரியில் நூறு படத்துக்கும் செய்யும். கல்யாணப் படங்கள் ஆயிரக்கணக்கில் வரும்போது அதன் அருமை தெரியும். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்க காம்போசிட், பல படங்களை ஒரே தாளில் அடுக்க மான்டாஜ், இருக்கிற படத்தையே மாற்றியமைக்க மோக்ரிஃபை. இந்த மூன்றாவதுதான் என் கையைச் சுட்டது. மற்றவை புதிய கோப்பை எழுதும். மோக்ரிஃபை, வேறு இடம் சொல்லாவிட்டால், மூலத்தின் மேலேயே எழுதும். திருப்பிக் கேட்காது. வேறு ஃபோல்டரில் எழுத 'பாத்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

எனக்கு அது தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் மாதிரி காட்டுவதற்காக, படங்களை 800 புள்ளிக்குச் சுருக்கி, நடுவில் கடைப் பெயரை வாட்டர்மார்க்காகப் பதித்து அனுப்புவது வழக்கம். எப்போதும் முதலில் ஒரு நகல் எடுத்து, நகலின் மேல்தான் அந்த வரியை ஓட்டுவேன். அன்று அவசரம். மேலே போகும் அம்புக்குறியை அமுக்கிப் பழைய கட்டளையைக் கொண்டுவந்து, ஆயாவின் ஃபோல்டருக்குள் நின்றபடியே என்டரைத் தட்டிவிட்டேன். நான்கைந்து வினாடிகளில் முடிந்தது. பேரனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திப் பதில் போட்டான். அதற்குப் பிறகு நவம்பர்வரை அந்த ஃபோல்டரை நான் திறக்கவேயில்லை.

ஆறங்குல உயரப் படம் 600 டிபிஐயில் 3,600 புள்ளி உயரம். அதை 800 ஆக்கினால், உயரமும் அகலமும் சேர்த்துப் பார்த்தால், இருபது புள்ளிக்கு ஒன்றுதான் மிஞ்சும். புருவ மயிரும் கோட்டின் நெசவும் அந்தப் பத்தொன்பதில் போயிற்று.

ஒன்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. கை தவறியதை எழுதுவது அதைவிட எளிது. பையன் இரண்டு முறை கேட்டான். "வேலை நடக்குது தம்பி" என்றேன். வேலை நடக்கத்தான் செய்தது. அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருள்களை இரவு முழுதும் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வட்டில் அதற்குள் தீபாவளி வேலையும் இரண்டு கல்யாணமும் ஏறியிருந்தன. ஆயாவின் படங்கள் இருந்த இடத்தில் யார் யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் அடிக்கடி நினைத்தது ஜான் தாம்சனைப் பற்றி. 1860களின் தொடக்கத்தில் பினாங்கில் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்த ஸ்காட்லாந்துக்காரர். அச்சுப் போடவும் உதவிக்கும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டதாகத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். இந்த ஊரில் நம் ஆட்கள் மூட்டை தூக்கினார்கள், வட்டிக்கடை வைத்தார்கள் என்று படித்திருந்தேன். என் தொழிலையும் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த இருவரும் எனக்கு முன்னோர் போல. அவர்கள் கையாண்டது கண்ணாடித் தகடு. அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீல ஒளி மட்டும் அதிகம் உறைக்கும். தரை சரியாக வந்தால் வானம் வெறுமையாகிவிடும். அதனால் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே போன்றவர்கள் கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை இன்னொன்றிலும் எடுத்து, ஒரே தாளில் மாற்றி மாற்றி மறைத்து அச்சிட்டார்கள். படங்களைக் கூட்டும் கலை அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் கூட்டல் நடந்தது தாளில். தகடு இரண்டும் பெட்டிக்குத் திரும்பின. தாள் கெட்டால் இன்னொரு தாள். என் மேசையில் தகடும் அதே கோப்பு, தாளும் அதே கோப்பு என்றாகிவிட்டது.

பத்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். மெத்தைகளை வாசல் நடைபாதையான அஞ்சடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாக ஓடியது. ஆயா நாற்காலியில் இருந்தார். "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒன்பது நாள் மறைத்ததையும் சொன்னேன். பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆயா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"சின்னதா இருந்தாலும் அவரு மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது ஆயா. மேல எழுத்து இருக்கு."

"அந்த எழுத்தை எடுக்க முடியுமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எழுத்தை எடுத்தால் அடியில் ஒன்றுமில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். "பார்க்கிறேன் ஆயா" என்று சொல்லிவிட்டு, பெர்ரித்துறைவரை நடந்தேன். நடக்கும்போதுதான் புரிந்தது: அந்த எழுத்தை வைத்தவன் நான். எவ்வளவு அழுத்தமாக வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

1984இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படத்தின் மேல் படம் வைப்பதற்கான கணக்கை ஒரு கட்டுரையில் வகுத்தார்கள். இமேஜ்மேஜிக்கும் அதன்படியே செய்கிறது. மேலே வைப்பது நாற்பது சதவீதம் கனமானது என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் மேல் படத்தில் நாற்பது பங்கும் அடிப்படத்தில் அறுபது பங்கும் கலக்கும். என் எழுத்தின் கனமும் அந்த நாற்பதுதான்; நிறம் வெள்ளை. வெள்ளையின் மதிப்பு 255. அதில் நாற்பது சதவீதம் 102. தாத்தாவின் கோட்டுக் கறுப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். அதில் அறுபது சதவீதம் 18. கூட்டினால் 120. அதனால்தான் எழுத்து விழுந்த இடத்தில் கோட்டு சாம்பலாகத் தெரிந்தது. இப்போது திருப்பிப் போடலாம்: 120இலிருந்து 102ஐக் கழித்தால் 18; அதை 0.6ஆல் வகுத்தால் 30. கோட்டு திரும்பி வந்துவிடும்.

வாட்டர்மார்க்கின் மூலக் கோப்பு என்னிடம் இருந்தது. அதை அதே அளவில் நடுவில் பொருத்தி, எழுத்து விழுந்த இடங்களை மட்டும் காட்டும் மாஸ்க் ஒன்று செய்தேன். அதற்குள் மட்டும் லெவல் கட்டளையால் நாற்பது சதவீதத்தைச் சுழியமாக இழுத்தேன். இந்தமுறை நகலின் மேல், நகலுக்கும் நகல் வைத்துக்கொண்டு. திரையில் எழுத்துகள் கரைந்து கழுத்து வந்தது, தாடை வந்தது, மீசையின் வலப்பாதி வந்தது. தனி அறையில் உட்கார்ந்து அழுதேன்.

முழுவதும் வரவில்லை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எழுத்துக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு போட்டிருந்தேன். அது முழுக் கனம். நூறு பங்கும் மேலே இருப்பது; அடிப்படத்துக்குப் பங்கே இல்லை. அங்கே கழித்தாலும் வகுத்தாலும் ஒன்றும் கிடைக்காது. சுற்றியிருக்கும் புள்ளிகளைப் பார்த்துக் கோட்டிலும் கழுத்திலும் அந்த விளிம்பை நிரப்பினேன். அது பெரிய பொய்யாகப் படவில்லை. ஒரு வளைவு மட்டும் உதட்டோரத்தின் மேல் ஏறிப் போயிருந்தது. அதையும் நிரப்பினேன்.

பாஸ்போர்ட் தப்பித்திருந்தது, அலமாரியின் மேல்தட்டில் இருந்ததாம். ஆயாவின் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன். தாத்தாவின் படம் 800 புள்ளியில் நிற்க, ஆயாவின் படம் இமைமயிரை எண்ணும்படி தெளிவாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருவரும் வேறு வேறு காற்றில் இருப்பது போலிருந்தது. ஆயாவின் நகலைச் சுருக்கி மங்கவைத்தேன். தாத்தாவுக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம், ஆயாவுக்கு நேர் வெளிச்சம்; அதையும் சற்றுச் சாய்த்தேன். தோள் மேல் தோள் படும் இடத்தில் யார் முன்னால் என்று போனில் கேட்டேன். "அவரு முதல்ல வந்தாரு. நான் பின்னால வந்தவ" என்றார் ஆயா, கப்பலை நினைத்து. இமேஜ்மேஜிக்கின் புதிய 'மேஜிக்' கட்டளையிலும் அப்படித்தான்: முதலில் சொல்லும் படம் அடியில் இருக்கும், பின்னால் வருவது அதன் மேல் அமரும். பழைய காம்போசிட் கட்டளையில் இது நேர்மாறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத் தட்டினேன்.

ஐந்துக்கு ஏழு அங்குலம். அதற்கு மேல் பெரிதாக்கினால் முகம் கலைந்துவிடும். காசு வாங்கவில்லை. திதிக்கு நான்கு நாள் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாருய்யா இது? இவரு இப்படிச் சிரிக்க மாட்டாரே."

நான் நிரப்பிய உதட்டோரம். ஒரு நூலிழை மேலே போயிருந்தது. எனக்கு அது தெரியவேயில்லை. அறுபது வருஷம் கழித்தும் அவருக்குத் தெரிந்தது.

படத்தைத் திருப்பி எடுத்துப் போனேன். அந்த நிரப்பலை நீக்கிவிட்டு, விளிம்பை இருந்தபடி விட்டேன். மீசைக்குக் கீழே கறுப்பாக ஒரு சிறு வளைவு. மறுநாள் கொடுத்தபோது ஆயா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன கோடு?"

"எங்க கடைப் பேருல ஒரு எழுத்து, ஆயா."

தலையசைத்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டு ஆணி கொண்டுவரச் சொன்னார்.