விலைபேசிய கப்பல்

நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பது பழமொழி. தனிமனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடுகளுக்கும் பொருந்தும் என்பதை 1982ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

பிரிட்டனின் ‘இன்வின்சிபிள்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1980 ஜூலையில் கடற்படையிற் சேர்ந்தது. ‘வெல்லற்கரியது’ என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் ஓராண்டு நிறையுமுன்னரே வரவு செலவுக் கணக்கு அதனை வென்றுவிட்டது. செலவைச் சுருக்க முனைந்த தற்காப்பு அமைச்சர் ஜான் நாட், 1981 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். புதிய விமானந்தாங்கிகள் மூன்றனுள் இரண்டே போதும் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று.

அதே வேளையில் ஆஸ்திரேலியாவின் ‘மெல்பர்ன்’ முதுமை எய்தியிருந்தது. அதற்கு மாற்றுத் தேடிய அந்நாடு, 1982 பிப்ரவரியில் இன்வின்சிபிளை 175 மில்லியன் பவுண்டுக்கு வாங்க இசைந்தது. விற்பவருக்குச் சிக்கனம், வாங்குபவருக்கு நல்ல பேரம். இருவரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நாற்பது நாள்கூட நிலைக்கவில்லை. ஏப்ரல் 2ஆம் நாள் அர்ஜென்டினாவின் படை ஃபாக்லாந்துத் தீவுகளில் இறங்கியது. பிரிட்டனுக்கும் அத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 8,000 மைல் கடல். நடுவழியில் அசென்ஷன் தீவு ஒன்றே விமானத்தளம். அங்கிருந்தும் சிறு போர்விமானங்கள் சென்று பொருது மீள இயலாது. எனவே கப்பலே களமாக வேண்டியிருந்தது. மூன்றே நாளில் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து இரு விமானந்தாங்கிகள் புறப்பட்டன. ஒன்று, விரைவில் விடைபெறவிருந்த ‘ஹெர்மிஸ்’. மற்றொன்று, விலைபேசப்பட்ட இன்வின்சிபிள். அவ்விரண்டும் சுமந்து சென்ற சீ ஹாரியர் விமானங்கள் இருபதே.

அர்ஜென்டினாவின் தளபதிகள் இரண்டாண்டு பொறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இன்வின்சிபிள் ஆஸ்திரேலியக் கொடியுடன் மிதந்திருக்கும். ஹெர்மிஸ் ஓய்வு பெற்றிருக்கும். ‘ஆர்க் ராயல்’ கட்டி முடிந்து படையிற் சேர்ந்ததோ 1985இல். எஞ்சியிருக்கும் ‘இல்லஸ்டிரியஸ்’ ஒன்றை மட்டும் நம்பி ஓர் அரசு அத்தனை தொலைவுக்குப் படை அனுப்பத் துணிந்திருக்குமா?

துணியாதிருந்தால் தீவுமக்கள் தாம் விரும்பாத கொடியின்கீழ் வாழ்ந்திருப்பர். ஆனால் அப்போரில் மாண்ட 255 பிரிட்டிஷ் படையினரும், 649 அர்ஜென்டினா வீரரும், தீவுப்பெண்டிர் மூவரும் உயிரோடு இருந்திருப்பர். எது நன்று என்று எளிதில் கூற இயலுமோ? தென் அட்லாண்டிக்கில் காவல்புரிந்த ‘எண்டியூரன்ஸ்’ கப்பலைத் திரும்பப் பெறும் அறிவிப்பே எதிரிக்குத் துணிவூட்டிற்று என்பாரும் உளர். அவ்வாறாயின், மிச்சம் பிடிக்க எண்ணிய சிறு தொகையே பெரும் போரை அழைத்து வந்ததாகும்.

ஜூன் 14இல் போர் ஓய்ந்தது. ஜூலையில் கப்பல் விற்பனை கைவிடப்பட்டது. ஜூன் 30இல் மெல்பர்னுக்கு விடைகொடுத்திருந்த ஆஸ்திரேலியா, 1983இல் ஆட்சி மாறியபின் வேறு விமானந்தாங்கி வாங்குவதில்லை என முடிவு செய்தது. ஹெர்மிஸ் 1987இல் ‘விராட்’ என்னும் பெயருடன் இந்தியக் கடற்படையிற் சேர்ந்து, 2017வரை பணியாற்றியது. இன்வின்சிபிள் 2011இல் துருக்கியில் உடைக்கப்பட்டது.

நாட்டின் கணக்கேட்டில் கப்பலின் விலையை எழுத இடமுண்டு. அக்கப்பல் இல்லாத நாளில் நேரக்கூடியதன் விலையை எழுத இடமில்லை. எழுதப்படாத அவ்வரியையும் நினைவிற் கொண்டு கூட்டிக் கழிப்பவரே நல்ல அமைச்சர்.