உப்புப் பூத்தல்

குருநகர்க் கடற்கரையில் வலையுலர்த்தும் கம்புகளின்மீது வெண்பொடி படிந்திருத்தலை இளமை தொட்டே கண்டு வந்தவன் யான். “உப்புப் பூத்தது” என்பர் எம்மூரார். பூத்தல் என்னும் அச்சொல்லின் பொருத்தத்தை வகுப்பிலே பலமுறை வியந்து கூறியதுண்டு. பூப்பது எங்ஙனம் என்று ஒருநாளும் வினவியதில்லை.

வினவியவன் ஒரு மாணவன். யான் புணரியல் நடத்துகையில், சன்னலோரத்தில் வைத்த கண்ணாடித் தகட்டிலே கடல்நீர்த் துளியொன்றை இட்டு அதனையே நோக்கியிருந்தான். “சேர், இன்னும் ஐந்து நிமிடம்” என்று அவன் வேண்டியது என் செவியில் ஏறவில்லை. துளியைத் துடைத்துவிட்டு அவனை வெளியே நிறுத்தினேன்.

இன்று அவன் பிறநாட்டிலே ஊக்கிகளை ஆராய்கின்றான். தான் செலவழியாது இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளே ஊக்கி. சென்ற மாதம் வந்த கடிதத்தில் தன் தொழிலை எனக்கும் விளங்குமாறு எழுதியிருந்தான். நுண்டுளைகள் மலிந்த அலுமினா மணிகளை நிக்கல் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவராம். நீர் ஆவியாகும் புறத்தை நோக்கிக் கரைசல் ஓடுமாயின் உப்பும் உடன்சென்று மணியின் ஓரத்திலே திரளும், உள்ளிடம் வறிதாகும். பளிங்குகள் எங்கே, எத்துணைப் பருமனில் தோன்றுகின்றன என்பதிலே ஊக்கியின் திறன் பெரிதும் தங்கியுள்ளது. அதனை அறியவே ஒற்றைத் துளிகளை உலரவிட்டுப் பார்க்கின்றான்.

சிந்திய கோப்பித் துளி வளையமாய்க் காய்வதும் இத்தகைய ஓட்டத்தாலேயே. துளியின் விளிம்பு தகட்டைப் பற்றிக்கொள்ள, அங்கே ஆவியாய்ப் போன நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் பாய்கின்றது; துகள்களும் உடன் செல்கின்றன. நாள்தோறும் கோப்பி அருந்துவோர் கண்முன் கிடந்த இவ்வுண்மையைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 1997 இலேதான் விளக்கினர். என் அறியாமைக்கு அஃது ஓரளவு ஆறுதல்.

கடிதத்தைப் படித்த மறுநாள் ஒரு போத்தல் கடல்நீரும், விஞ்ஞான ஆசிரியரிடம் இரவல் பெற்ற கைவில்லையுமாக அமர்ந்தேன். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள; நீர் பத்திலொரு பங்காகச் சுருங்கும் வரை கறியுப்புப் பிரியாது. ஆதலின் நெடுநேரம் ஒன்றுமே நிகழவில்லை. பின்னர் விளிம்பிலே மெல்லிய ஊசிகள் சில. அவை கல்சியம் சல்பேற்று. அதன்பின், கண்ணிமைக்குமுன், சதுரம் சதுரமாய்க் கறியுப்பு! என்னை மறந்து “பூத்தது” என்றேன். நடுவிலே சிறிது ஈரம் மட்டும் உலராது நின்றது. ஈரத்தை இழுக்கும் மகனீசியம் உப்புகளின் செயல் அது.

கடிதத்திலே அவன் அந்நாளைத் தண்டனையைக் குறிக்கவேயில்லை. கண்டதையெல்லாம் அவனுக்கு எழுதினேன். ஐந்து நிமிடம் போதாது, ஒரு பாடவேளைக்கும் மேலாயிற்று என்பதையும் எழுதினேன்.