ஓணான் மூன்றாம் இதழ்

மார்ச் 22, 2020, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் போட்ட ஊரடங்கு இன்னும் எடுபடவில்லை. அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டுப் போன சுவிஸ் போதகருக்குத் தொற்று என்று தெரியவந்ததும் யாழ்ப்பாணம் முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. பள்ளிக்கூடம் பூட்டின கையோடு வவுனியாவிலிருந்து வந்த அக்காவின் பிள்ளைகள் இரண்டு சோடி உடுப்போடு இங்கே மாட்டிக்கொண்டார்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது.

மார்ச் 24, செவ்வாய்

சில மணி நேரம் தளர்த்தினார்கள். அம்மா எழுதித் தந்த பட்டியலில் முதலாவது மண்ணெண்ணெய், பிறகு சவுக்காரம், பிறகு நெருப்புப்பெட்டி. அரிசி நாலாவது. "வீட்டிலை கரண்ட் இருக்கம்மா" என்றேன். "இருக்கு, இருக்கு" என்றா.

சங்கக்கடையில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பின்னால் பக்கத்து வளவு ரீச்சர். அவர்கள் இரண்டு பேருக்கும் இது புதிதில்லை. இடம்பெயர்ந்து போய் ஊர் திரும்பியபோது எல்லைக்கல்லைக் காணவில்லை. வேலி எந்த இடத்தில் போவது என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கி, அன்றைக்கே கதையும் நின்றுபோனது.

மார்ச் 26, வியாழன்

டேட்டா முடிந்துவிட்டது. தம்பி கிணற்றடியில் ஓணானுக்குக் கல்லெறிகிறான். பெரியவள் பழைய பஞ்சாங்கத்தையும் வாசித்து முடித்துவிட்டாள். சத்தம் தாங்காமல் ஒரு ஏ4 தாளை எடுத்து மடிக்கக் காட்டினேன். மூன்று தரம் பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் விழும். குறுக்கே ஒரு தரம் மட்டும் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுவரைக்கும் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. திரும்ப விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளுக்குத் தள்ளினால் வெட்டின இடம் வாய் திறக்கும். அப்படியே மடித்துவிட்டால் எட்டுப் பக்கப் புத்தகம். நூலும் வேண்டாம், பின்னும் வேண்டாம். தம்பி வாய் பிளந்து பார்த்தான். கல்லெறி நின்றது.

கையெழுத்துச் சஞ்சிகை என்று சொன்னேன். ஒரு பிரதிதான், வாசிக்கிறவர் வாசித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பெரியவளுக்கு அது பிடிக்கவில்லை. "ஒண்டுதான் எண்டால் அது என்ன சஞ்சிகை?" டொமினிக் ஜீவாவின் கதையை எடுத்துவிட்டேன்: கஸ்தூரியார் வீதியில் சலூன் வைத்திருந்தவர், 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, தானே கையில் கொண்டுபோய் ஆள் ஆளாக விற்றவர், நானூறு இதழுக்கு மேல் போட்டவர். "அவருக்கு மெசின் இருந்தது" என்றாள். பதில் சரி.

பெயர் 'ஓணான்'. தம்பிக்குக் கீறத் தெரிந்த ஒரே உயிர்.

மார்ச் 29

வெயில். வேறொன்றும் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

முதலாம் இதழ் வந்தது. விலை ஒரு மாங்காய். உள்ளே: 'கோளி முட்டையிட்ட கதை' (தம்பி), 'எங்கள் கிணற்றில் ஏன் நல்ல தண்ணீர்?' (பெரியவள்), ஒடியல்கூழ் செய்முறை (அம்மா சொல்ல அவள் எழுதியது), நான் எழுதின ஆசிரியர் தலையங்கம். தலையங்கம்தான் படு மோசம்.

கிணற்றுக் கட்டுரை நன்றாக இருந்தது. சுற்றிலும் கடல், ஆறு இல்லை. மாரி மழையை எங்கள் மண்கும்பான் மணல் குடித்துக்கொள்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் கீழேயிருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மணலை அள்ளினால் அந்தத் தண்ணீருக்கு இருக்க இடமில்லை. இதை அவளுக்கு நான்தான் சொன்னேன். கடைசியில் "லொறிக்காரர் எங்கள் கிணற்றை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்" என்று எழுதினது அவளாகவே.

பின்னேரம் பார்த்தால் தம்பி வேலிக் கிடுகுக்குள்ளால் இதழை ரீச்சருக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறான். ரீச்சர் கையால் வாங்கவில்லை. சுளகை நீட்டினா. அதில் ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. ஒடியலுக்குப் பக்கத்தில் 'ஓணான்' முதலாம் இதழும் வெயிலில் கிடந்தது, பறக்காமல் மேலே ஒரு கல். கிருமி சாக வேண்டுமாம்.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இதழ் திரும்பி வந்தது, சிவப்புப் பேனையால் திருத்தி. 'கோளி' கோழியாயிருக்கிறது. 'ஒடியல்கூழ்' ஒடியற்கூழாயிருக்கிறது. கிணற்றுக் கட்டுரைக்கு ஒரு பெரிய சரி. என் தலையங்கத்துக்கு "நீளம்." கடைசிப் பக்கத்தில், 100க்கு 62.

கூழுக்குக் கீழே: "புளி எப்போது விடுவது என்று இல்லை."

அம்மா பார்த்துவிட்டா. "அவவை ஆர் புள்ளி போடச் சொன்னது? அவவின்ரை கூழ் எண்டைக்கும் கட்டிபடும், கேட்டுப் பார்." ஆரைக் கேட்கிறது? பின்னேரம் முழுக்க அடுப்படியில் பாத்திரச் சத்தம். இரவு பெரியவளைக் கூப்பிட்டு, "அடுத்ததிலை போடு, புளி கடைசியிலை, இறக்க முதல்" என்றா.

ஏப்ரல் 5, ஞாயிறு

டேட்டா போட்டேன், பகலில் பிள்ளைகளுக்குக் காட்டாமல். இரவில் நூலகம் இணையத்தளத்தில் பழைய இதழ்கள். 2005இல் ஒரு சில பேர் தன்னார்வமாகத் தொடங்கினது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களுக்கு ஈடு ஆகாதுதான். என்றாலும் ஊரடங்குக்குள் மண்கும்பானில் ஒரு பாயில் படுத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு முந்தின சஞ்சிகையைப் புரட்டலாம் என்றால் சும்மா காரியமா?

சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்' வீட்டு அலுமாரியில் இருந்தது. புங்குடுதீவுக்காரர். சனம் போய் வெறுமையான தீவுகளைப் பற்றின கவிதைகள். பாதியில் மூடிவிட்டேன். வெளியே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. இந்த ஊர் ஒருக்கால் முழுதாக வெறுமையாக இருந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போதைய அமைதி விடுமுறையாகத் தெரிகிறது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. காய்ச்சலா என்று இரண்டு தரம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பென்ட்ரைவில் இருந்த 'தீபன்' பார்த்தோம், பிள்ளைகள் படுத்த பிறகு. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கின படம். அதில் நடித்த ஷோபாசக்தி பக்கத்து அல்லைப்பிட்டி. தங்கப் பனை என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு: "பனையைக் காண பிரான்சுக்கே போகவேணும்?" படம் முடியும்வரைக்கும் அல்லைப்பிட்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தா. வரவில்லை. "அப்ப எதுக்கு முழிச்சிருந்தனான்" என்று எழும்பிப் போனா. விமர்சனம் இரண்டாம் இதழில் வரும்.

ஏப்ரல் 11

இரண்டாம் இதழ் வேலி தாண்டிப் போய் வந்தது. 71. ஏ4 தாள் முடிந்தது. இனிச் சி.ஆர். கொப்பியின் நடுத்தாள்.

கோடு போட்ட தாளைக் கண்டதும் அம்மா, "இதிலைதானே பேப்பர் வந்தது" என்றா. பொருளாதாரத் தடைக் காலம். அச்சுத்தாள் வராமல் 'உதயன்' கொப்பித் தாளில் வந்தது. கோட்டுக்கு மேலே செய்தி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. ஜாம் போத்தல் விளக்கு. தம்பிக்குச் சைக்கிள் கதை போதும், ஓடிப்போய்க் கவிழ்த்துவிட்டான். இந்தச் சைக்கிளில் டைனமோ இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

நேற்று இரவு சார்வரி வருடம் பிறந்தது. கோயில் இல்லை, கைவிசேடம் இல்லை. பொங்கினோம். அக்கா வீடியோவில் அழுதாள், பிள்ளைகள் அழவில்லை. அதற்கும் சேர்த்து அழுதாள்.

மூன்றாம் இதழுக்கு அம்மா தானாகவே விடயம் சொன்னா. பெரியவள் எழுதினதை அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன், இதழ் போனால் போனதுதான்:

"1990ஆம் ஆண்டு ஆவணி மாதம். மண்டைதீவில் ஆமி இறங்கிவிட்டது என்று சனம் சொன்னது. பெடியளைப் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நாங்கள் வெளிக்கிட்டோம். கோழிகளைத் திறந்துவிட்டேன். அராலிப் பக்கம் போக வள்ளம் பிடித்தோம். மழை தூறியது. சீலை நனைந்து காலில் சுற்றியது. உன் அம்மா கையில், சித்தி இடுப்பில்."

சித்தி என்றால் நான். இரண்டு வயது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

சொல்லி முடித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லாமல் எழுது" என்றா.

ஏப்ரல் 16, வியாழன்

சுளகு திரும்பி வந்தது. புள்ளி போடவில்லை. ஒரே ஒரு குறிப்பு, 'மழை தூறியது' என்பதன் கீழே சிவப்புக் கோடு: "ஆவணியில் மழை ஏது?"

அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தா. கழற்றினா. "பெய்தது" என்றா. பெரியவள் விடவில்லை: ஆவணியில் யாழ்ப்பாணத்தில் மழை குறைவுதான், ஐப்பசியில்தான் மாரி. தன் கிணற்றுக் கட்டுரையை எடுத்துக் காட்டினாள். "அப்ப சீலை எப்பிடி நனைஞ்சது, அம்மம்மா?"

அம்மா கோழிக்குத் தீன் போடப் போனா. கோழிக்கு ஏற்கெனவே போட்டாயிற்று.

ஏப்ரல் 18

பெரியவள் எங்களுக்குத் தெரியாமல் அதே கேள்வியை ஒரு துண்டில் எழுதி வேலிக்குள்ளால் விட்டிருக்கிறாள். பதில் வந்தது. வெயிலில் காயப்போடாமல், கையோடு கை:

"வள்ளம் கரைக்கு வராது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஏறினோம். உன் சித்தியை நான் தூக்கினேன். உன் அம்மம்மாவிடம் சொல், மழை இல்லை."

ஏப்ரல் 20, திங்கள்

காலை ஐந்து மணிக்கு ஊரடங்கு எடுத்தார்கள், இரவு எட்டு மணிக்குத் திரும்ப. மாவட்டம் விட்டு மாவட்டம் போக விடமாட்டார்களாம். ஆகவே பிள்ளைகள் இங்கேதான். வேலணைக்குப் போய்த் தாள் வாங்கினேன். மண்ணெண்ணெயும்.

ஏப்ரல் 22, புதன்

அம்மா துண்டை வாசித்து இரண்டு நாள் பேசாமல் இருந்தா. இன்றைக்குக் காலையில் நாலாம் இதழில் தனக்கு இரண்டு பக்கம் வேணும் என்றா. பிள்ளையைத் தூக்கினது ஆர் என்பதில் அவவுக்கு மறுப்பில்லை, இறங்கினபிறகு தந்தவ, அது சரி. ஆனால் கடல் தண்ணீர் எது, மழைத் தண்ணீர் எது என்று தனக்குத் தெரியாதா? தலையும் நனைந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் தலை எப்படி நனையும், அதுக்கு அவ பதில் சொல்லட்டும்.

இரண்டு பக்கம் தர ஏலாது என்கிறான் தம்பி. எட்டுப் பக்கத்தில் அட்டை போக ஏழு, ஓணான் குட்டி போட்டிருக்கிறது, அதற்கே மூன்று பக்கம் வேணும். ஓணான் முட்டைதான் இடும் என்று அக்காக்காரி சொல்ல, இப்போது அடுப்படியில் மூன்று பேரும் சண்டை.