கமராவின் முன் இருத்தப்பட்டோர்

ஒருவரைப் படம் பிடிப்பதற்கு முன்னர் அவரை இருத்தவேண்டும். எங்கே இருத்துவது, முகத்தை எப்பக்கம் திருப்புவது, கைகளை என்ன செய்வது என்பனவற்றைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் படத்துக்கு உரியவரல்லர். கமராவுக்குப் பின்னால் நிற்பவரே. கைகளே பெருந்தொல்லை. நாளெல்லாம் தாமறிந்த தொழிலைத் தயக்கமின்றிச் செய்யுங் கைகள், கமராவைக் கண்டதும் தமக்குரிய இடத்தை மறந்துவிடுகின்றன. பழைய நிழற்பட நிலையங்களிலே பூச்சாடி வைத்த முக்காலியும் புத்தகமும் கைத்தடியும் இருந்தமைக்கு அலங்காரம் மட்டுங் காரணமன்று. கைகளுக்கு ஒரு புகலிடம் தேவைப்பட்டது.

தொடக்கத்தில் அசையாமையே முதல் நிபந்தனை. 1839இல் தகேர் தமது முறையை வெளியிட்ட காலத்தில் ஒரு தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் சென்றன. ஆதலின், இருப்பவரின் பிடரியைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புக் கவ்விகள் நிலையங்களிற் பயன்பட்டன. அக்காலப் படங்களிற் சிரிப்பு அரிதாயிருப்பதற்கு, ஒரே சிரிப்பை அவ்வளவு நேரம் வைத்திருக்க இயலாமையும் ஒரு காரணம். (நம் முன்னோர் அனைவரும் கடுகடுத்த முகத்தினர் என்று எண்ணிவிடலாகாது.)

இலங்கையோடு தொடர்புடைய ஒருவரை ஈண்டு நோக்குதல் தகும். யூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகள் பரிசளித்த கமராவோடு இக்கலையிற் புகுந்தவர். கண்ணாடித் தகட்டின் ஈரம் உலருமுன் படம் எடுத்துக் கழுவிவிடவேண்டிய காலம் அது. அவர் முன் இருந்தவர்கள் மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாதிருக்க நேர்ந்தது. கவிஞர் தெனிசனும் அறிஞர் டார்வினும் அவ்வாறிருந்தனர். வானியலறிஞர் கேர்செலின் நரைமுடியைக் கழுவிக் கலைத்துவிட்ட பின்னரே 1867இல் அவரைப் படம் பிடித்தார் என்பர். மேதை எவ்வாறு தோன்றவேண்டும் என்பதில் அம்மையாருக்குத் தெளிவான கருத்து இருந்தது போலும்.

கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் குடும்பம் இங்கு வந்தது. அம்மையார் இந்நாட்டில் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1877இல் களுத்துறைக்கு விருந்தாக வந்த ஓவியர் மரியன் நோர்த், வெப்பமானி 96 பாகை பரனைற்றைக் காட்டிய நண்பகலிற் காசுமீரக் கம்பளித் துணி போர்த்தப்பட்டு, கூந்தல் அவிழ்க்கப்பட்டு, தென்னோலைகள் தலையிற் குத்த நிறுத்தப்பட்டார். இயல்பாகத் தோன்றும்படி வேறு அவருக்குக் கட்டளை! நோர்த் இதனை நகைச்சுவையோடு தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்தார். அவர் மறைந்த பின் 1892இல் அது நூலாயிற்று.

அந்நூலிலேயே இன்னொருவரும் வருகிறார். அவருடைய முதுகின் அழகிலே கமரன் அம்மையார் மயங்கினார். தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரனாக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினார். அந்த மனிதரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது முதுகின் புகழே. தெனிசனுக்கு முகம், இவருக்கு முதுகு! எனினும் அம்மையாரை முற்றாகக் குறைகூறுவதும் நேரிதன்று. 1878ஆம் ஆண்டுக் களுத்துறைப் படமொன்றின் குறிப்பில், சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் கூறுகிறார் என்றும் எழுதியுள்ளார். முதியவரின் கூற்றை அம்மையார் நம்பினாரோ இல்லையோ, பதிந்துள்ளார்.

பின்வந்த வணிக நிலையங்கள் அவ்வளவுகூடச் செய்யவில்லை. கூடையைத் தலையிற் சுமக்கவைத்து நிறுத்திய தோட்டப் பெண்ணின் படத்தை அஞ்சலட்டையாக்கி, கீழே 'தமிழ்ப் பெண்' என்று அச்சிட்டு விற்றன. அவள் யாருடைய மகள் என்பது வாங்குவோர்க்கு வேண்டியதன்று.

இந்த வரலாற்றில் ஒரு விநோதத் திருப்பம் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். எனவே முன்பு பெயரின்றி நின்றவர்களின் வழிவந்தோர், இப்போது பெயரோடு, வெள்ளைத் துணியின் முன் இருத்தப்பட்டனர். முகம் நேரே, இரு காதும் தெரியவேண்டும், சிரித்தலாகாது. கைகளைப் பற்றிய கவலை மட்டும் நீங்கியது, சட்டத்துக்குள் அவை வருவதில்லையாதலால்.

1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் இதே இருப்பையே ஏனையோர்க்கும் பழக்கியது. வாழ்நாளில் வேறு படமே எடுக்காத முதியோர் பலருண்டு. அவர்கள் இறந்தபின், முப்பத்தொராம் நாட் கல்வெட்டில் அச்சிடுதற்குப் பிள்ளைகள் அந்தச் சிறு படத்தையே நிலையத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். அங்குள்ளவர் அதனைப் பெரிதாக்கி, முத்திரையின் தடத்தை அழித்து, தோளிலே சால்வை ஒன்றைத் தீட்டிவிட்டு, உதட்டின் ஓரத்தைச் சற்று உயர்த்தவேண்டுமா என்று வினவுகிறார். மூத்த மகன் தம்பிமாரின் முகத்தைப் பார்க்கிறான்.